சாம்பாருக்குப் பேர் இருக்கு... சமைச்சவனுக்கு?

ஆகஸ்ட் 22 நெருங்கினால் போதும். சென்னைக்குப் பிறந்தநாள் கொண்டாட்டம் தொடங்கிவிடும். கூடவே அந்தப் பட்டியலும் வந்துவிடும். ‘பேட்டைக்குப் பேட்டை... பேர்போன ஓட்டல்கள்!’

திருவல்லிக்கேணியா? ரத்னா கஃபே. இட்லி சாம்பாரில் மிதக்கணும். மயிலாப்பூரா? ராயர் மெஸ்ஸின் கெட்டிச் சட்னி, கற்பகாம்பாள் மெஸ்ஸின் கீரை வடை, அப்புறம் காளத்தி கடையில் ஒரு ரோஸ் மில்க். சைதாப்பேட்டையா? மாரி ஓட்டல் வடகறி. சேப்பாக்கமா? நாயர் மெஸ் மீன் வறுவல். மவுண்ட் ரோடா? புகாரி. பாரிமுனைக்கு அந்தப் பக்கம் செகண்ட் லைன் பீச்சா? பர்மா அத்தோ.

படிக்கும்போதே நாக்கில் எச்சில் ஊறுகிறதா? எனக்கும் ஊறும். நானும் நாக்கு உள்ளவன்தான். இதில் ஒரு கடை விடாமல் சாப்பிட்டிருக்கிறேன். இந்தக் கடைகள் எதைப் பற்றியும் எனக்குப் புகார் கிடையாது. என் சண்டை பட்டியல் போடுகிற நம்மோடு.

பட்டியலில் ஓட்டல் பேர் இருக்கிறது. ஆரம்பித்த வருஷம் இருக்கிறது. கல்லாவுக்கு மேலே மாலை போட்டு மாட்டியிருக்கும் தாத்தாவின் போட்டோ இருக்கிறது. எந்த நடிகர் எந்த மூலை டேபிளில் உட்கார்ந்து என்ன சாப்பிட்டார் என்பதுகூட இருக்கிறது. இன்று விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அந்தச் சாம்பாரை வைத்தானே, அவன் பேர்?

இல்லை. எந்தப் பட்டியலிலும் இல்லை. நானும் பல வருஷமாகத் தேடிப் பார்க்கிறேன்.

*

எனக்குச் சொந்த ஊர் ஆலத்தியூர். செந்துறைப் பக்கம். நான் பிறந்தபோது திருச்சி மாவட்டம். 1995-ல் பெரம்பலூர் மாவட்டம் ஆனது. 2001-ல் அரியலூர் மாவட்டம். 2002-ல் மறுபடி பெரம்பலூர். 2007-ல் மறுபடி அரியலூர். மாவட்டத்தின் பேர்தான் மாறிக்கொண்டே இருந்தது. பிழைக்க ஊரை விட்டுப் போகிறவர்கள் கூட்டம் மாறவே இல்லை.

சென்னைக்குக் கடல் இருக்கிறது என்று ரொம்பப் பெருமைப்படாதீர்கள். எங்கள் ஊரிலும் கடல் இருந்தது. என்ன, கொஞ்சம் முன்னால். டைனோசர் காலத்தில். அரியலூர் வட்டாரமே அப்போது கடலடியில் கிடந்தது என்கிறார்கள் நிலவியல் படித்தவர்கள். சின்ன வயசில் ஓடைக்கரையில் கல்லாகிப்போன சிப்பியும் கிளிஞ்சலும் பொறுக்கி விளையாடியிருக்கிறோம். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத் தோண்டித்தான் இன்று சிமென்ட் ஆக்குகிறார்கள். ஆலத்தியூரிலேயே ராம்கோ ஆலை இருக்கிறது. சென்னையில் எந்த ஓட்டலுக்குப் புதுக் கிளை எழும்பினாலும் அதன் சுவரில் எங்க ஊர்க் கடல் ஒரு மூட்டையாவது இருக்கலாம்.

ஆலை வருவதற்கு முன்னாலும் எங்கள் பக்கத்திலிருந்து சென்னைக்குச் சரக்கு போய்க்கொண்டுதான் இருந்தது. பையன்கள்! சிமென்ட் மூட்டை மேலாவது எங்கே தயாரானது என்று அச்சடித்திருக்கும். இந்தப் பையன்கள் மேல் அதுவும் கிடையாது.

அப்படிப் போனவன்தான் என் தம்பி. சித்தப்பா மகன். “என் பேர் எல்லாம் போடாதண்ணே” என்று கேட்டுக்கொண்டான். எனவே தம்பி என்றே வைத்துக்கொள்வோம்.

1984. தம்பிக்கு 12 வயசு. ஆறாங் கிளாஸ். வானம் பார்த்த பூமியில் அந்த வருஷம் கம்பும் இல்லை, கடலையும் இல்லை. “மெட்ராஸ்ல பெரிய ஓட்டல்ல பையன் கேக்கறாங்க. மூணு வேளை சோறு, படுக்க இடம், சம்பளம் வீட்டுக்கு வந்துரும்” என்று ஒருவர் வந்து சொன்னார். சித்தி அழுதார். சித்தப்பா அழவில்லை. “இங்க இருந்தா ஒரு வேளை. அங்க போனா மூணு வேளை. நீயே கணக்குப் போட்டுப் பாரு” என்றார். அந்தக் கணக்கை யாராலும் தப்பு என்று சொல்ல முடியவில்லை. அரியலூரில் ரயிலேறிய பையன் எழும்பூரில் இறங்கினான். அன்றைக்கே கையில் ஈரத்துணியும் எச்சில் தட்டு போடுகிற வாளியும் கொடுத்துவிட்டார்கள்.

*

மூன்று வருஷம் கழித்து நானும் சென்னைக்கு வந்தேன். வேலை கிடைத்து, சட்டையை இன் பண்ணிக்கொண்டு. திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் மூன்று பேர் இருக்கும் அறையில் நான்காவது ஆள். அலுவலக நண்பர்கள் முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு பேர்போன ஓட்டலுக்குக் கூட்டிப்போனார்கள். எந்த ஓட்டல் என்று கேட்காதீர்கள். மேலே சொன்ன பட்டியலில் அது இல்லை.

உட்கார்ந்தோம். டேபிள் துடைக்கப் பையன் வந்தான். தம்பி!

அவன் முகம் மலர்ந்தது. “அண்...” என்று வாய் திறந்தான். நான் மெனு கார்டுக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

பதினைந்து வயசுப் பையனுக்கு அது போதும். புரிந்துகொண்டான். டேபிளைத் துடைத்தான். நான்கு டம்ளரையும் ஒரே கையில் கோத்து எடுத்தான். போய்விட்டான். நாங்கள் இட்லி, வடை, ஸ்பெஷல் ரவா, டிகிரி காபி எல்லாம் சாப்பிட்டோம். எல்லாம் ருசியாக இருந்தது. அதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

அடுத்த வாரம் மெரினாவில் பார்த்தபோது மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவனே முந்திக்கொண்டான். “பரவால்லண்ணே. கூட ஆபீஸ் ஆளுங்க இருந்தாங்கல்ல.”

ஆகவே இந்தக் கட்டுரையில் குற்றவாளிக் கூண்டில் ஏறுகிற முதல் ஆள் நானேதான். அடுத்து நீங்கள் ஏறலாம். இடம் இருக்கிறது.

*

‘சென்னையின் சொந்த ருசி’ என்று எழுதுகிறார்களே, அதை முதலில் பார்ப்போம்.

ரத்னா கஃபேயை 1948-ல் தொடங்கியது வட இந்தியாவிலிருந்து வந்த குப்தா குடும்பம். திருவல்லிக்கேணியின் அடையாளமான சாம்பாருக்குப் பின்னால் இந்தி பேசுகிற வீடு! ராயப்பேட்டையில் 1938-ல் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கிய கே.கிருஷ்ண ராவ் உடுப்பிப் பக்கத்துக்காரர். மவுண்ட் ரோட்டில் 1951-ல் புகாரி ஓட்டலைத் திறந்த ஏ.எம்.புகாரி கொழும்பில் இருந்துவிட்டு வந்தவர். 1965-ல் தங்கள் மெனுவில் ஏறியதால்தான் அது ‘சிக்கன் 65’ என்று சொல்கிறார்கள் அந்த ஓட்டல்காரர்கள். சேப்பாக்கத்தில் 1961 முதல் மீன் வறுத்துக்கொண்டிருக்கும் நாயர் மெஸ் எந்த ஊரிலிருந்து வந்தது என்று பேரே சொல்லிவிடும். 1962-ல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, கடை கண்ணியைப் பறிகொடுத்து, கட்டிய துணியோடு கப்பலேறி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சொத்துதான் அத்தோ. கே.கே.நகரில் 1981-ல் சரவண பவனைத் தொடங்கிய பி.ராஜகோபால் தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமத்துக்காரர்.

ஆக, சென்னை ருசி என்பது வந்தேறிகளின் ருசி. பசியோடு வந்தவர்கள் நகரத்தின் பசியைத் தீர்த்தார்கள். நகரமும் அவர்களைத் தன் பிள்ளைகளாகத் தத்தெடுத்துக்கொண்டது. இது சென்னையின் பெருமை. சந்தேகமே இல்லை.

அப்படித் தத்தெடுக்கப்பட்டது யார் என்று பாருங்கள். கல்லாவில் உட்கார்ந்தவர் மட்டும். அடுக்களையில் நின்றவன் நாற்பது வருஷம் ஆனாலும் ‘ஊர்லேர்ந்து வந்த பையன்’தான்.

இந்த இடத்தில் ஒருவர் கையைத் தூக்குவார். “என்ன ஸார் இப்படிப் பேசறீங்க? கிருஷ்ண ராவே சின்னப் பையனா அடுக்களையில வேலை பாத்தவர்தானே? ராஜகோபால் டேபிள் துடைச்சவர்தானே? உழைச்சா முன்னேறலாம் ஸார்!”

உண்மைதான். இருவரும் அடிமட்டத்தில் தொடங்கியவர்கள்தான். டேபிள் துடைத்து முதலாளி ஆனவர்கள் பேரைச் சொல்லுங்கள் என்றால் பத்து விரலுக்குள் சொல்லி முடித்துவிடலாம். டேபிள் துடைத்து, மாவாட்டி, அடுப்பில் நின்று, ஆஸ்துமாவும் வெரிகோஸ் நரம்புமாக ஊருக்குத் திரும்பியவர்கள் பேரைச் சொல்லுங்கள். ஒரு பேர்கூட வராது. அவர்களுக்கு உழைக்கத் தெரியாதா? லாட்டரியில் ஒருத்தனுக்குப் பரிசு விழுந்தது என்பதற்காகச் சீட்டு வாங்கிய லட்சம் பேரையும் சோம்பேறி என்று சொல்ல முடியுமா?

“நல்ல முதலாளிகளும் இருக்காங்க ஸார்” என்பார் இன்னொருவர். இருக்கிறார்கள். ராஜகோபாலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊழியர்களுக்கு வீடு, மருத்துவம், பிள்ளைகளுக்குப் படிப்பு என்று செய்தவர்; ‘அண்ணாச்சி’ என்று கொண்டாடப்பட்டவர். அதே அண்ணாச்சிதான், தன்னிடம் உதவி மேலாளராக இருந்தவரின் மகளை மணக்க ஆசைப்பட்டு, அந்தப் பெண்ணின் கணவரை 2001-ல் கொலை செய்த வழக்கில் தண்டிக்கப்பட்டார். 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. அந்த ஜூலையில் காலமானார். ஒரே மனிதரிடம் கருணையும் இருந்தது, அந்த வெறியும் இருந்தது. தொழிலாளியின் வாழ்க்கை முதலாளியின் மனசை நம்பி இருக்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா? மனசு நாளைக்கு மாறும். சட்டப்படி வந்த உரிமை மாறாது.

*

சமைப்பவன் யார் என்று சென்னை எப்போதுமே கேட்டதில்லையா? கேட்டிருக்கிறது. ரொம்ப அக்கறையாகவே கேட்டிருக்கிறது. சாதி தெரிந்துகொள்வதற்காக!

ஓட்டல் வாசலில் ‘பிராமணாள்’ என்று போர்டு வைத்த காலம் ஒன்று இருந்தது. அதற்கு என்ன அர்த்தம்? ‘உள்ளே அடுப்பில் நிற்பவன் இன்ன சாதி, பயப்படாமல் சாப்பிடலாம்’ என்று அர்த்தம். திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால் 1957-ல் பெரியாரின் திராவிடர் கழகத் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். அடுத்த வருஷம் அந்தச் சொல் போர்டிலிருந்து இறங்கியது.

அதே 1958-ல் இன்னொன்றும் நடந்தது. அதை யாரும் கொண்டாடுவதில்லை. ஓட்டல் தொழிலாளர்களுக்கென்றே அப்போதைய சென்னை மாநிலத்தில் ஒரு தனிச் சட்டம் வந்தது. நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது; வாரத்தில் ஒரு நாள் விடுமுறை தர வேண்டும் என்றெல்லாம் எழுதிவைத்தார்கள். நீங்கள் கொண்டாடும் ஓட்டல்களில் சில அந்தச் சட்டத்தைவிட வயசில் சின்னவை.

என் தம்பி விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டி ராத்திரி பத்து மணிக்குத் தலை சாய்த்தவன். மத்தியானம் மூன்றிலிருந்து நாலரை வரை ‘ரெஸ்ட்’. அந்த ரெஸ்ட்டில் வெங்காயம் உரிக்கணும். சட்டம் என்று ஒன்று இருப்பதே அவனுக்கு நான் சொல்லித்தான் தெரியும். நான் சொன்னது அவன் வேலையை விட்ட பிறகு!

சாதி போர்டு இறங்கியது நல்லது. நூறு தடவை நல்லது. ஆனால், அதோடு சேர்த்து சமைப்பவனையும் பின்கட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டோமே? அன்று அவன் சாதி தெரிந்தால் போதும் என்றிருந்தோம். இன்று அவன் இருக்கிறானா என்பதே தெரிய வேண்டாம் என்கிறோம்.

2006 அக்டோபர் 10. அன்று முதல் ஓட்டல், டீக்கடை, தாபா எதிலும் 14 வயசு நிரம்பாத பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று மத்திய அரசு தடை போட்டது. நல்ல தடை. அன்றைக்குத் தம்பிக்கு 34 வயசு. சாம்பார் அண்டா முன்னால் நின்றுகொண்டிருந்தான். டிவியில் செய்தி ஓடியபோது பக்கத்திலிருந்த வடை மாஸ்டர், “நமக்கு இருபது வருஷம் லேட்டுடா” என்றாராம். அவரும் அரை டிராயரோடு வந்தவர்தான்.

*

இப்போது புதுசாக ஒரு புலம்பல். “எந்த ஓட்டலுக்குப் போனாலும் ஹிந்திக்காரப் பசங்க ஸார். சட்னி கேட்டா முழிக்கறான். அதான் பழைய ருசியே போச்சு!”

ஒரிசா, பீகார், அஸ்ஸாம், திரிபுரா என்று எங்கிருந்தெல்லாமோ பையன்கள் வருகிறார்கள். ஏன் வருகிறார்கள்? எங்கள் ஊர்ப் பையன்கள் ஏன் வந்தார்களோ அதற்காகத்தான். எங்கள் ஊர்ப் பையன்கள் இப்போது ஏன் வருவதில்லை? பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு வந்தது. படித்தார்கள். ஐ.டி.ஐ. போனார்கள். இந்தச் சம்பளத்துக்கு இத்தனை மணி நேரம் நிற்க முடியாது என்று சொல்லத் தெரிந்துகொண்டார்கள். இது நாம் வெட்கப்பட வேண்டிய விஷயமா, பெருமைப்பட வேண்டிய விஷயமா?

வடநாட்டிலிருந்து வந்த முதலாளி 1948-ல் சாம்பார் ஊற்றினால் அது பாரம்பரியம். வடநாட்டிலிருந்து வந்த தொழிலாளி இன்று சாம்பார் ஊற்றினால் அது சீரழிவு. என்ன நியாயம் ஸார் இது?

ருசி குறைந்திருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. சாம்பார் பாஷை பார்த்துக் கொதிப்பதில்லை. ஒரே இடத்தில் பத்து வருஷம் நின்று கற்றுக்கொண்ட கை வைக்கும்போது அதற்கு ருசி வரும். ஆறு மாசத்தில் ஆள் ஓடிப்போகிற மாதிரி வேலையை வைத்துக்கொண்டு, ஓடிப்போகிறவன் பாஷை மேல் பழி போட்டால் எப்படி?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நமக்கு என்ன கவலை? ‘பார்சலாவது கிடைக்குமா?’ அந்த ஓட்டல்களின் மாடியில் தங்கியிருந்தவர்கள் எப்படி ஊர் போய்ச் சேர்ந்தார்கள் என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்தோம்? 1962 முதல் இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008-ல் மூடப்பட்டபோது எவ்வளவு உருகினோம்! அங்கே குடித்த காபி, பேசிய இலக்கியம், அரும்பிய காதல் என்று பக்கம் பக்கமாக எழுதினோம். இன்று அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா இருக்கிறது. காரின் கண்ணாடி ஓரம் தட்டை மாட்டிவிட்டுப் போனாரே சர்வர், அவர் என்ன ஆனார்? அதைப் பற்றி ஒரு பத்தி படித்த ஞாபகம் உங்களுக்கு இருக்கிறதா? எனக்கு இல்லை.

இன்னொரு வேடிக்கை. சென்னையில் சமைப்பவர் முகம் பளிச்சென்று கண்ணுக்குத் தெரிகிற இடம் ஒன்று இருக்கிறது. 2013 பிப்ரவரியில் ஒரு ரூபாய் இட்லியோடு தொடங்கிய அம்மா உணவகம். சுய உதவிக் குழுப் பெண்கள் மாவு கலப்பது, இட்லி எடுப்பது, பரிமாறுவது எல்லாம் கண்ணெதிரே. ஊரடங்கு நாட்களில் இந்த நகரத்துக்குச் சோறு போட்டவர்கள் அந்த அக்காக்கள். பேட்டைக்குப் பேட்டை இருக்கிற ஓட்டல் என்றால் நியாயமாக அதுதான் முதலில் வர வேண்டும். எந்த ‘பெஸ்ட் ஓட்டல்’ பட்டியலிலாவது பார்த்தீர்களா? ருசி பத்தாது என்பீர்கள். சரி, அந்தச் சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். உங்கள் ஃபில்டர் காபி எத்தனை ரூபாய்?

*

புலம்பிவிட்டுப் போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மூன்று விஷயம் கேட்கிறேன்.

ஒன்று: ஓட்டல் வாசலில் ‘இன்றைய ஸ்பெஷல்’ என்று கரும்பலகையில் எழுதுகிறீர்கள் இல்லையா? அதன் கீழே ஒரு வரி சேருங்கள். ‘இன்று சாம்பார்: இன்னார். இன்று தோசை: இன்னார்.’ சாதிப் பட்டம் வேண்டாம், ஊர் வேண்டாம். பேர் மட்டும். சினிமாவில் லைட் பாய் பேர்கூடக் கடைசியில் ஓடுகிறது.

இரண்டு: நாற்காலி. கடைகளில் வேலை பார்க்கிறவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தினார்கள். தி.நகர் ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்ற பெண்களின் கால்வலி கோட்டை வரைக்கும் கேட்டது. ஓட்டலில் நிற்பவனுக்கும் இருப்பது கால்தானே? கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில், வாடிக்கையாளர் உட்காரும் அதே டேபிளில், அதே இலை போட்டு, தான் சமைத்ததைத் தொழிலாளி சாப்பிடட்டும். அடுக்களை மூலையில் குந்தி, ஆறிப்போனதைச் சாப்பிடுவது போதும்.

மூன்று: இது நமக்கு. பில் கொடுக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள். “இங்க வேலை பாக்கறவங்களுக்கு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடிக்கறீங்களா?” இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற ஓட்டலில் பி.எஃப். சட்டப்படி கட்டாயம். கல்லாவில் இருப்பவர் முறைப்பார். முறைக்கட்டும். காபி ஆறிப்போயிருந்தால் கேட்கிறோம், சட்னியில் உப்பு தூக்கலாக இருந்தால் கேட்கிறோம். இதைக் கேட்க மட்டும் நா எழாதா?

*

தம்பி கதைக்கு வருகிறேன். 2012-ல் கொதிக்கிற சாம்பார் அண்டா சரிந்து வலது கால் முழங்காலுக்குக் கீழே வெந்துபோனது. முதல் நாள் ஆஸ்பத்திரிச் செலவை ஓட்டல் கொடுத்தது. இருபத்தெட்டு வருஷக் கணக்கை முடித்துப் பத்தாயிரம் ரூபாயும் ஒரு வேட்டி சட்டையும் கொடுத்து அனுப்பினார்கள். பி.எஃப். கிடையாது. அவன் பேர் எந்த ரிஜிஸ்தரிலும் இல்லை. பட்டியலில் என்ன, சம்பள ரிஜிஸ்தரிலேயே இல்லாதவன்!

2018-ல் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் குடும்பத்தோடு சென்னைக்கு வந்தான். “அண்ணே, அந்த ஓட்டல்ல ஒரு தடவை உக்காந்து சாப்பிடணும்” என்றான். கூட்டிப்போனேன். இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்த இடத்தில் அவன் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான். டேபிளைத் துடைக்க வந்த வடநாட்டுப் பையனிடமிருந்து துணியை வாங்கித் துடைக்கவே போய்விட்டான். மகள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

இட்லி வந்தது. சாம்பாரில் தொட்டு ஒரு வாய் வைத்தான். நாங்கள் அவன் முகத்தையே பார்த்தோம்.

“புளி ஒரு கொதி கம்மி” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “புதுப் பையனா இருக்கும். ராத்திரி தூங்கியிருக்க மாட்டான், பாவம்” என்றான்.

போகும்போது அடுக்களையை ஒரு தடவை எட்டிப் பார்க்க அனுமதி கேட்டான். மேனேஜர் புதியவர். கதவு மேல் எழுதியிருந்ததைக் காட்டினார். ‘அந்நியர்களுக்கு அனுமதி இல்லை.’

*

இப்போது ஆலத்தியூரில் சிமென்ட் லாரிகள் போகிற ரோட்டோரம் தம்பிக்கு ஒரு டிபன் கடை. ஐந்து டேபிள். கூடமாட ஒரிசாப் பையன் ஒருத்தன். மேஜரானவன், பரோட்டா மாஸ்டர். போன மாசம் போயிருந்தபோது இந்தக் கட்டுரையில் எழுதியிருப்பதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். கரும்பலகை, பேர் எழுதுவது எல்லாம். சிரித்தான்.

“பேரெல்லாம் நீங்க போடுங்கண்ணே, நல்லதுதான். நமக்கு மொதல்ல சோறு.”

மணி பதினொன்றரை. மத்தியானக் கூட்டம் வர இன்னும் அரை மணி. தம்பி ஒரு இலையை எடுத்து முதல் டேபிளில் போட்டான். எனக்கு என்று நினைத்துக் கை கழுவ எழுந்தேன்.

“உக்காருண்ணே. உனக்கு அப்புறம்” என்றவன், உள்ளே திரும்பி ஒரிசாப் பையனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். அவன் வந்து உட்கார்ந்தான். தம்பி சோறு போட்டு, சாம்பாரை ஊற்றினான்.

“பசிச்சவன் உப்புப் பாத்தா சரியா வராதுண்ணே. சமைக்கறவன்தான் மொதல்ல சாப்பிடணும். இருபத்தெட்டு வருஷத்துல நான் கத்துக்கிட்டது இவ்வளவுதான்.”

அடுத்த ஆகஸ்ட்டில் பட்டியல் போடப்போகிறவர்களே... இந்தக் கடையைச் சேர்க்க வேண்டாம். இது சென்னையில் இல்லை. உங்கள் பேட்டையில் உங்களுக்குப் பிடித்த ஓட்டலுக்குப் போங்கள். சாப்பிட்டு முடித்ததும், “சாம்பார் யாருங்க வெச்சது?” என்று கேளுங்கள். பேரைத் தெரிந்துகொண்டு வந்து எழுதுங்கள்.

சொல்ல மாட்டேன் என்றால், அந்த ஓட்டல் பேரையும் விட்டுவிடுங்கள்.